அக்கரைக்கு ஒம்போது கிலோமீட்டர்

எங்க அம்மை பொறந்த வீடு, எங்க வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால நின்னு பாத்தா தெரியும். ஓட்டுக்கூரை, அது மேல சாஞ்சு நிக்கிற அயனி மரம், மாமா புதுசா கட்டின பாத்ரூம் மேல வச்ச கறுப்பு டேங்க், வெயில் நல்லா இருந்தா கொடியில கிடக்கிற துணி என்ன நிறம்னு கூட சொல்லிரலாம். நடுவுல குழித்துறையாறு மட்டும் தான். ஆனா மாமா வீட்டுக்குப் போகணும்னா நான் ஸ்கூட்டியை எடுத்து, சந்து வழியா மேல ஏறி, மெயின் ரோட்டப் புடிச்சு, பாலம் வரை போயி, அந்தக் கரையில திரும்ப இறங்கி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு வந்து சேரணும், மொத்தம் ஒம்போது கிலோமீட்டர். மீட்டர்ல பாத்தது தான், சும்மா அடிச்சு விடல.

எங்க பாட்டா காலத்துல இது நாலு நிமிஷம். வள்ளத்துல.

பாட்டாவுக்கு சொந்தமா வள்ளம் ஒண்ணும் கிடையாது. கடவுல, அதான் வள்ளம் வந்து அடையற துறையில, ஒரு ஆளு இருந்தாரு, ஊர்ல எல்லாரும் அவரை கடவுக்காரர்னு தான் கூப்பிடுவாங்க. நாம எந்தக் கரையில நிக்கோமோ அவர் எப்பவும் எதிர்க்கரையில தான் இருப்பாரு, அது ஏன்னு எனக்கு இன்னைக்கு வரை புரியல. கையைக் குவிச்சு "கூய்ய்ய்"னு ஒரு கூவு விடணும். அங்கேருந்து ஒரு மறுகூவு வரும். கேட்டாச்சு, பீடி முடியட்டும், வாறேன்னு அதுக்கு அர்த்தம். வள்ளத்துக்குள்ள எப்பவும் கணுக்கால் அளவு தண்ணி கிடக்கும், சிரட்டையை வச்சு அதைக் கோரி வெளிய ஊத்துறது பிள்ளைங்க வேலை, எனக்கு அதுக்காகவே அக்கரைக்குப் போகப் பிடிக்கும். வெயில் காலத்துல மூங்கில் கம்பை அடியில ஊன்றி நேர தள்ளிருவாரு. மழைக்காலத்துல அது நடக்காது. கரையோட ஒட்டி மேல் பக்கமா ஒரு நூறு அடி வள்ளத்தைத் தள்ளிட்டுப் போவாரு, அங்கேருந்து ஆத்துக்குள்ள விடுவாரு, ஒழுக்கு இழுக்கும், நாமளும் சாஞ்சு சாஞ்சு கீழ வருவோம், வந்து சரியா அக்கரைக் கடவுல, கல்படி முன்னால, முட்டி நிக்கும். ஒரு தடவை கூட தப்பினது இல்ல. எந்த மழைக்கு எத்தனை அடி மேல தள்ளணும்னு அவர் தண்ணி நிறத்தைப் பாத்தே சொல்லுவாரு.

வள்ளக்கூலி எனக்கு நாலணா. தினமும் போறவங்க காசு குடுக்கிறது கிடையாது, தேங்கா வெட்டும்போது ஒரு அஞ்சாறு தேங்கா அவருக்குன்னு மாத்தி வச்சிருவாங்க.

இப்படி ஒரு ஏற்பாட்டுல தான் எங்க அம்மை இந்தக் கரைக்கு கல்யாணம் ஆகி வந்தது. அந்தக் காலத்துல எங்க ஊர்ல பாதி வீட்டுல மருமக அக்கரையில இருந்து வந்தவளா இருப்பா. இப்பம் விசாரிச்சுப் பாருங்க. மார்த்தாண்டத்துல இருந்து பொண்ணு எடுப்பாங்க, நாகர்கோவில்ல இருந்து எடுப்பாங்க, தக்கலையில இருந்து எடுப்பாங்க, எல்லாம் பஸ் ரூட்டு. எதிர்க்கரையில இருந்து ஒருத்தரும் எடுக்கிறது இல்ல. யாரும் வேணும்னு பண்ணல, எதிர்க்கரை தூரமாயிட்டு, அவ்ளோ தான்.

பாலம் கட்டினா ரெண்டு கரையும் சேருதுன்னு மேடையில எல்லாரும் பேசுவாங்க. சேரும், பாலம் இருக்கிற அந்த எடத்துல சேரும். அதுக்கு மேலயும் கீழயும் இருந்த கடவெல்லாம் ஒவ்வொண்ணா செத்துப் போகும், ரோடு எல்லாம் பாலத்தைப் பாத்து ஓடும், கடவுக்கு வந்த ஒத்தையடிப் பாதையில காடு ஏறும். இதைப் பத்தி யோசிச்சுக்கிட்டே தான் போன சில மாசமா, லீவு கிடைக்கும்போதெல்லாம், இந்த ஆத்தை மேல இருந்து கீழ வரை எங்கெல்லாம் ஜனம் கடக்குதுன்னு பாத்துட்டு வந்தேன். அதைத் தான் இங்க எழுதுறேன். நான் எஞ்சினியரும் இல்ல, சரித்திர வாத்தியாரும் இல்ல, ஆத்துக்கரையில வீடு இருக்குன்னு ஒரே தகுதி தான்.

முதல்ல ஒரு விஷயம். வெளியூர்க்காரங்ககிட்ட தாமிரபரணின்னு சொன்னா உடனே திருநெல்வேலி, அல்வான்னு போயிருவாங்க. இது அந்த ஆறு இல்ல. இது கன்னியாகுமரி மாவட்டத்துத் தாமிரபரணி, எங்களுக்கு குழித்துறையாறு. மலையில இருந்து கோதையாறு ஒரு பக்கமும் பறளியாறு ஒரு பக்கமும் இறங்கி, திருவட்டாறு கிட்ட மூவாத்துமுகத்துல சேந்து, குழித்துறை வழியா போயி தேங்காப்பட்டணத்துல கடல்ல விழும். காவேரி மாதிரி பெரிய ஆறுன்னு சொல்ல முடியாது, ஆனா எங்க மாவட்டத்துல இது தான் பெருசு.

மேல இருந்து தொடங்கணும்னா பேச்சிப்பாறை. கோதையாத்துக்குக் குறுக்க திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்துல, 1897ல வேலையைத் தொடங்கி 1906ல முடிச்ச அணை. கட்டினது மிஞ்சின்னு ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், மூக்கு நீளமா இருந்ததால ஜனங்க அவருக்கு மூக்கன் துரைன்னு பேரு வச்சிட்டாங்க, அவரோட கல்லறையும் அணை பக்கத்துலயே இருக்கு. நாஞ்சில்நாட்டு வயலுக்கெல்லாம் அவர் செஞ்சது பெரிய காரியம், அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா நான் அங்க பாத்தது வேற ஒண்ணு. தண்ணி தேங்கி நிக்கிற அந்தப் பரப்புக்கு அந்தப் பக்கம் காணிக்காரங்க, மலையில வாழற பழங்குடி ஜனம், அவங்க குடி இருக்கு, தோட்டமலை, தச்சமலை அங்கெல்லாம். அவங்க ரேஷன் வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போக அணைத் தண்ணியில படகு ஏறித் தான் வரணும். நான் போன அன்னைக்கு காலையில யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க ஆறேழு பேரு படகுல இருந்து குதிச்சு இறங்குச்சு, ஒரு பொடியன் செருப்பை ரெண்டையும் கையில புடிச்சிருந்தான், கரைச் சேத்துல நடந்து வந்து புல்லுல காலைத் தேச்சிட்டு அப்புறம் தான் செருப்பைப் போட்டான். தினமும் பண்ணிப் பழகின கையி. அணை கட்டினது தண்ணியைத் தேக்கத் தான், ஆனா அந்தத் தண்ணி இந்தப் பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல வந்து உக்காந்திருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க கடவுல வள்ளம் போனது பத்தி நான் ஏதோ ஏக்கமா எழுதிட்டு இருக்கேன், இங்க வள்ளம் போகாதான்னு ஒரு கூட்டமே காத்திருக்கு. எழுதும்போது கொஞ்சம் கூச்சமா தான் இருக்கு.

அதே பக்கம் குற்றியாறு, மோதிரமலை வழியில சப்பாத்து உண்டு. சப்பாத்துன்னா எங்க ஊர் பாஷையில செருப்பு இல்ல கேட்டேளா, ஆத்துக்குக் குறுக்க தாழ்வா போட்ட தரைப்பாலம். சாதாரண நாள்ல வண்டி போகும். மழை பெய்ஞ்சா தண்ணி மேல ஏறிரும், அப்பம் மலையில இருக்கிறவங்க மலையிலயே. தண்ணி இறங்கற வரை இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது.

திற்பரப்பு அருவியை விட்டுர்றேன், எல்லாரும் எழுதியாச்சு.

திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோவில். பேர்லயே ஆறு வட்டம் போட்டு நிக்குது. கதை என்னன்னா, பெருமாள் கேசிங்கிற அசுரனை அமுக்கி அது மேல படுத்திருக்காரு, அவனுக்காக ரெண்டு ஆறு கோவத்தோட பெருமாளை முக்கிரலாம்னு பாய்ஞ்சு வந்திச்சாம், பூமாதேவி பாத்தா, அந்த எடத்தை மட்டும் மேடாக்கி விட்டுட்டா, ஆறுங்க ரெண்டும் வேற வழியில்லாம கோவிலைச் சுத்திப் போயிருச்சு. நிஜமாவே கோவில் மேட்டுல தான் இருக்கு, படி ஏறித் தான் உள்ள போகணும். 2022 ஜூலையில கும்பாபிஷேகம் நடந்தப்போ, நானூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் நடக்குதுன்னு சொல்லி எங்க அம்மையை இழுத்துட்டுப் போனேன். அந்தக் கூட்டத்துல நின்னுட்டு அம்மை சொல்லிச்சு, "பெருமாளுக்கே எங்கோட்டு இறங்கினாலும் ஆறு கடக்கணும் பாத்தியா மக்களே"ன்னு. எல்லாப் பக்கமும் ஆறா இருந்தா கடவும் எல்லாப் பக்கமும் இருந்திருக்கும். இப்பம் பாலம். ஆனா அந்தப் பகுதி ஊர்க்காரங்க இன்னும் "ஆத்துக்கு அங்கோட்டு", "ஆத்துக்கு இங்கோட்டு"ன்னு தான் வழி சொல்லுவாங்க, எந்த ஆறுன்னு நாம தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அங்கேருந்து மூணு கிலோமீட்டர்ல மாத்தூர் தொட்டிப்பாலம். இதைப் பத்தி எழுதணும்னு தான் உண்மையில இந்தக் கட்டுரையையே தொடங்கினேன், வள்ளம் நடுவுல வந்து ஏறிட்டு.

முதல்ல பேரு. தொட்டிலு இல்ல, தொட்டி. பாதிப் பேரு தொட்டில் பாலம்னு சொல்லிட்டு எங்க ஆடுதுன்னு கேப்பாங்க. கான்கிரீட்டுல நீளமா ஒரு தொட்டி, அதுல தண்ணி ஓடும், அந்தத் தொட்டி ரெண்டு மலைக்கு நடுவுல ஆகாசத்துல நிக்கும், கீழ பறளியாறு. பட்டணங்கால்ங்கிற கால்வாயில வர்ற தண்ணிக்கு இந்த மலையில இருந்து அந்த மலைக்குப் போகணும், நடுவுல பள்ளம், பள்ளத்துல ஆறு. கீழ இறக்கி மேல ஏத்தறதுக்கு மோட்டார் வேணும், கரண்டு வேணும். தொட்டியில விட்டா சரிவுல தானா ஓடிப்போயிரும். காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ போட்ட திட்டம், 1966ல கட்டினது. 1240 அடி நீளம், 28 தூணு, பள்ளம் அதிகமா இருக்கிற எடத்துல 115 அடி உயரம். கல்குளம், விளவங்கோடு தாலுக்காவுல ஆத்துத் தண்ணி ஏறாத மேட்டு நிலத்துக்கெல்லாம் இது வழியா தான் தண்ணி போச்சு. ஒரு ஆத்துக்கு மேல இன்னொரு ஆறு கடந்து போறதுன்னு தான் எனக்குத் தோணும். பாலம்னு நாம சொல்றதெல்லாம் நாம தண்ணியைக் கடக்க, இங்க தண்ணியே தண்ணியைக் கடக்குது.

தொட்டியோட ஒரு பக்கம் மேல ஸ்லாபு போட்டு மூடியிருக்கு, அதுல தான் நடக்கிறது. இன்னொரு பக்கம் திறந்து கிடக்கும், எட்டிப் பாத்தா உள்ள தண்ணி ஓடுறது தெரியும். ஆள் உள்ள இறங்கி நின்னா தலை வெளிய தெரியாத ஆழம். தண்ணி விட்டிருக்கிற நாள்ல போகணும். ஸ்லாபு மேல நடக்கும்போது காலுக்கு அடியில ஒரு சத்தம், சத்தம்னு கூட சொல்ல முடியாது, உள்ளங்கால்ல ஒரு அதிர்வு, செருப்பைக் கழட்டிட்டு நின்னா நல்லா தெரியும். எடையில எடையில ஸ்லாபு ரெண்டு சேர்ற எடத்துல விரல்கடை அளவு சந்து, அது வழியா குளிர்ந்த காத்து மேல வரும். வெளிப்பக்கம் எட்டிப் பாத்தா தென்னந்தலை எல்லாம் காலுக்குக் கீழ, வட்டம் வட்டமா, பச்சையில கோலம் போட்டு வச்ச மாதிரி. ஆறு ரொம்ப சின்னதா, கலங்கின சாயா நிறத்துல, 28 தூணுல ரெண்டு மூணு தூணோட காலை மட்டும் நனைச்சுட்டுப் போகும். கைப்பிடிச் சுவரைப் புடிச்சுட்டு நடுவுல நின்னா லேசா ஆடுற மாதிரி இருக்கும், ஆடாது, நம்ம மனசு தான்.

கேரளாவுல இருந்து வேன் வேனா வருவாங்க, நடுவுல வந்து நின்னு செல்ஃபி எடுப்பாங்க, சின்னப் பிள்ளைங்க தொட்டிக்குள்ள இலையைப் போட்டுட்டு கூடவே ஓடும். வாசல்ல மிளகாப்பொடி தூவின அன்னாசி. நல்லது தான். ஆனா நான் பாத்துட்டு நின்னது வேற ஆளுங்களை. தலையில புல்லுக்கட்டு வச்ச ஒரு அம்மை, செல்ஃபிக்காரங்களை "மாறுங்க மக்களே"ன்னு ஒதுக்கிட்டு நேரா நடந்து போறாங்க. பின்னால ரப்பர் ஷீட் மடக்கித் தோள்ல போட்ட ஒரு ஆளு. இவங்களுக்கு இது டூரிஸ்ட் ஸ்பாட்டு இல்ல, வழி. அந்த அம்மைகிட்ட பேச்சுக் குடுத்தேன். மகளைக் கட்டிக் குடுத்தது எதிர் மலையிலயாம். "முன்ன எல்லாம் கீழ இறங்கி ஆத்தைக் கடந்து திரும்ப மேல ஏறணும்னு எங்க மாமியாரு சொல்லும், மூச்சு வாங்கிப் போகும்னு. இப்பம் எனக்கு எட்டு நிமிஷம், மக வீட்டுல உலை வச்சுட்டு வந்து இங்க கறிக்கு அரைப்பேன்"னு சிரிச்சாங்க. தண்ணிக்குன்னு கட்டினது, மேல நாலு ஸ்லாபைப் போட்டதால மனுஷனுக்கும் ஆச்சு. ஜனத்துக்குன்னு கட்டின பெரிய பாலம் எங்க கடவைக் கொன்னுச்சு, ஜனத்துக்காக கட்டாத இது ரெண்டு மலையைச் சம்பந்தி ஆக்கிட்டு. வயிறு எரிஞ்சுதுன்னே சொல்லலாம்.

கீழ வந்தா திக்குறிச்சி. மகாதேவர் கோவில், ஆத்தங்கரையில. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடுறவங்களுக்கு முஞ்சிறை திருமலைக்கு அடுத்து ரெண்டாவது கோவில் இது. பன்னிரண்டு கோவில், ராத்திரியும் பகலுமா, கையில விசிறி, வாயில "கோபாலா, கோவிந்தா". சிவன் கோவிலுக்கு ஓடிட்டு கோவிந்தான்னு கூப்பிடுறது எங்க ஊர்ல மட்டும் தான் நடக்கும். நான் காலேஜ் படிக்கும்போது ஒரு வருஷம் ஓடினேன், ஓடினேன்னு சொல்றது பாதி பொய், நடந்தேன். திக்குறிச்சி ஆத்துல முங்கி எந்திரிச்சு ஈர வேட்டியோட திரும்ப ரோட்டுல ஏறினது ஞாபகம் இருக்கு, எட்டாவது கோவிலுக்கு அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல.

குழித்துறை வந்தாச்சு. பேரைப் பாருங்க, துறை. பாலத்துக்கு முன்னாலயே இங்க ஜனம் கடந்திருக்கு, அதுக்கு ஊர்ப் பேரே சாட்சி. திருவனந்தபுரம் ரோட்டுப் பாலம் இங்க தான், எங்க ஊர்க்காரங்க அதை ராஜா காலத்துப் பாலம்பாங்க. கொஞ்ச தூரத்துல ரயில் பாலம். திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கினது 1979ல தான், அதுக்கு முன்னால எங்க பக்கத்துல ரயிலே பாக்காத ஆளுங்க நிறைய. முதல் ரயிலைப் பாக்க எங்க அப்பா வயல்வேலையைப் போட்டுட்டு ஓடினாரு, அன்னைக்கு பாட்டாகிட்ட வாங்கின அடியைப் பத்தி இப்பவும் சொல்லுவாரு.

ஆனா குழித்துறையில எனக்குப் பிடிச்சது பாலம் ரெண்டும் இல்ல, கீழ இருக்கிற சப்பாத்து. தடுப்பணையும் அது தான், வழியும் அது தான். ஒரு பக்கம் தேங்கின தண்ணி, ஒரு பக்கம் வழிஞ்சு விழற தண்ணி, நடுவுல பைக்கு போகும், ஓரமா துணி துவைக்கும், பொடியங்க டைவ் அடிக்கும், சாயங்காலமானா ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்க பேண்ட்டை முட்டு வரை மடக்கிட்டு ஓரத்துல உக்காந்திருப்பாங்க. ஆடி அமாவாசைக்கு இந்த ஆத்தங்கரையில தான் வாவுபலி, செத்தவங்களுக்கு பலி போட ஊரே வரும், கூடவே முனிசிபாலிட்டி நடத்துற பொருட்காட்சி, செடி வாங்கற கூட்டம், அப்பளம் வாங்கற கூட்டம், ஜயண்ட் வீலு. பாட்டாவுக்கு பலி போட்டுட்டு அப்படியே ஒரு ஒட்டுப்பலா வாங்கிட்டு வந்தது நான் தான், அது இன்னும் காய்க்கல.

2021 நவம்பர்ல பெய்ஞ்ச மழை இருக்கே, அது மறக்காது. மழைக்காலம் வந்தா எங்க வீட்டுல பேப்பர்ல முதல்ல பாக்கறது அணை நீர்மட்டம் தான், பேச்சிப்பாறை 48 அடிக்கு எவ்ளோ, பெருஞ்சாணி 77 அடிக்கு எவ்ளோன்னு. ரெண்டும் ஒண்ணா ஏறி மறுகால் திறந்தா எங்க வாழைத்தோப்புக்கு அது கடைசி நாளு. அந்த வருஷம் தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சு ரயில் நின்னுச்சு, சப்பாத்து எங்க இருக்குன்னே தெரியல, பழுப்பு நிறத்துல ஒரே ஓட்டம், அதுல ஒரு முழு தென்னைமரம் வேரோட நின்ன நிலையில வந்துச்சு. நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிர்றேன். முதல் நாள் சாயங்காலம் சப்பாத்து மேல பாதம் நனையற அளவு தான் தண்ணி, தடுப்பு ஒண்ணும் வைக்கல, ரெண்டு பேரு கடந்து போனதைப் பாத்து நானும் ஸ்கூட்டியை விட்டேன். நடுவுல வண்டி ஆஃப் ஆயிட்டு. ஒழுக்கு சக்கரத்தை பக்கவாட்டுல தள்ளுது, தள்ளுறது பலமா ஒண்ணும் இல்ல, பைய பைய, ஒரு மாடு முட்டிட்டு நிக்கிற மாதிரி. பின்னால வந்த மீன்கார அண்ணன் ஒருத்தர் தன் வண்டியை அங்கேயே விட்டுட்டு வந்து என் வண்டியைப் பிடிச்சாரு. கரையேறினதும் ஒரு வார்த்தை கேட்டாரு பாருங்க, "பாலம் அங்க சும்மா தானே ஓய் நிக்கி?"ன்னு. அவர் ஏன் சப்பாத்து வழி வந்தாருன்னு கேக்க எனக்கு அப்பம் தோணல.

மார்த்தாண்டம் மேம்பாலத்தையும் சொல்லணும், ஆத்துக்கு மேல இல்லன்னாலும். 2018ல வண்டி விட்ட இரும்புப் பாலம், ரெண்டரை கிலோமீட்டர் கிட்ட வரும். அது வந்தப்புறம் நாகர்கோவில் போறவனுக்கு சொகம். கீழ கடை வச்சிருக்கிற என் சித்தப்பா சொல்றாரு, முன்ன எல்லாம் ஜாம்ல நிக்கிற பஸ்ஸுல இருந்து இறங்கி வந்து ஆளுங்க சாயா குடிப்பாங்க, ஏத்தங்கா சிப்ஸ் வாங்குவாங்க, இப்பம் வியாபாரம் தலைக்கு மேல பறக்குதுன்னு. எங்க கடவு கதை தான், தண்ணி மட்டும் இல்ல.

குழித்துறைக்குக் கீழ ஆறு அகலமாகும். கணபதியான்கடவுன்னு ஒரு எடம், அங்க இப்பம் பாலம் இருக்கு, ஆனா பேரு கடவு தான். பஸ்ஸுல கண்டக்டர் "கடவுப் பாலம் யாருக்கு"ம்பாரு, பாலம் வந்தப்புறம் என்ன கடவுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதுக்குக் கீழ கடல் தண்ணி உள்ள ஏறாம இருக்க பரக்காணியில தடுப்பணை. மணலை வாரி வாரி ஆத்தைக் குழியாக்கிட்டா கடல் ஏறி வரத் தானே செய்யும்.

கடைசியில தேங்காப்பட்டணம். இந்தக் கரையில தேங்காப்பட்டணம், அந்தக் கரையில இரையுமன்துறை, நடுவுல பொழிமுகம், அதான் ஆறு கடல்ல சேர்ற வாய். இங்க ஆறு ஒண்ணு மட்டும் இல்ல, ஏவிஎம் கால்வாயும் உண்டு, சினிமா கம்பெனி இல்ல, அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மன். 1860ல திருவிதாங்கூர் ராஜா, திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்துலயே போறதுக்கு வெட்டத் தொடங்கினது, பத்மநாபசாமி பேரு, விக்டோரியா ராணி பேரு, தன் பேரு, மூணையும் ஒரே கால்வாய்க்கு வச்சாரு, யாரும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு. பூவாறுல இருந்து குளச்சல் வரை தடம் இருக்கு, அதுல வள்ளம் போன காலம் போச்சு, பல எடத்துல இப்பம் பாசியும் குப்பையும் தான். ராஜாவோட கணக்கு சரியா தான் இருந்துச்சு, கடலோரத்துல நிறைய ஆறு குறுக்க வருது, ஒவ்வொண்ணுக்கும் பாலம் கட்டறதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரு கால்வாயில கோத்துட்டா எறங்காமலே போயிரலாம்.

பொழிமுகத்துல இப்பம் பாலம் இருக்கு, சாயங்காலம் அங்க நின்னா ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவுல வள்ளங்க வரிசையா துறைமுகத்துக்குள்ள வர்றது தெரியும். பாக்க நல்லாருக்கும். உள்ள வர்றவங்களுக்கு அப்படி இல்ல, வாசல்ல மணல் சேந்து அலை திரும்பி அடிச்சு வள்ளம் கவுந்து ஆள் செத்த கதை அந்த ரெண்டு கரையிலயும் நிறைய இருக்கு. மணக்குடியில, அது பழையாத்து வாய், அங்க இருந்த பாலத்தை 2004 சுனாமி பாளம் பாளமா தூக்கிப் போட்டதைப் பாத்தவங்க நாங்க. அப்புறம் ராணுவம் வந்து இரும்புப் பாலம் போட்டுக் குடுத்தாங்க, ரொம்ப நாள் கழிச்சு புதுப் பாலம் வந்துச்சு. அந்த இரும்புப் பாலம் வர்ற வரை மேல மணக்குடியும் கீழ மணக்குடியும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நின்னது எனக்கு நல்லா புரியும்.

இனி எங்க கடவு.

பல வருஷம் முன்னால இங்க ஒரு நடைபாலம் வருதுன்னு சொல்லி அடிக்கல் நாட்டினாங்க. பந்தல், மைக்கு, லட்டு எல்லாம் உண்டு, எங்க அம்மை புதுச் சேலை கட்டிட்டு முன்வரிசையில உக்காந்துச்சு, இனி பொறந்த வீட்டுக்கு நடந்து போயிரலாம்னு. அந்தக் கல்லு இப்பவும் இருக்கு. வழவழன்னு நல்ல கல்லு, துணி அடிச்சுத் துவைக்க அதை விட்டா ஆத்தங்கரையில வேற எடம் கிடையாது, எழுத்தெல்லாம் சோப்புல தேஞ்சு போச்சு. பாலம் வரல. 2024 டிசம்பர்ல கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் திறந்தாங்க, 77 மீட்டர் நீளம், 37 கோடி ரூபா. நானும் அம்மையைக் கூட்டிட்டுப் போய் நடந்தேன், கீழ கடல் தெரியுது, கொள்ளாம், குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அம்மை நடுவுல நின்னு குனிஞ்சு பாத்துட்டு கேட்டுச்சு, "இது நம்ம ஆத்து அகலம் தானே மக்களே வரும்?" நான் ஆமான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அம்மை அங்க ஒண்ணும் பேசல, வெளிய வந்து ஒரு சாயா குடிச்சுட்டு பஸ் ஏறினோம்.

கடவுக்காரர் போயி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் மவன் கல்ஃபுல. வள்ளத்தைக் கரையில கவுத்துப் போட்டிருந்தாங்க, கோழி அடைஞ்சுது, அப்புறம் ஒரு மழைக்கு ஒழுக்குல போச்சு.

போன ஞாயித்துக்கிழமை மாமா மவன் போன் பண்ணினான். அவங்க வீட்டுல சாளைக்கறியும் மரச்சீனியும், அம்மையைக் கூட்டிட்டு வான்னு. நான் தொழுவத்துக்குப் பின்னால நின்னுட்டு தான் பேசிட்டு இருந்தேன், பாத்தா அவனும் அங்க கல்படியில நிக்கான், கைலி, காதுல போனு, கையை வீசிட்டு. "லே மக்கா, எப்பம் வருவ?"ன்னு கேட்டான், அவன் பழக்கத்துக்குக் கத்தித் தான் பேசுவான். அந்த "எப்பம் வருவ" எனக்கு ரெண்டு தடவை கேட்டுச்சு, முதல்ல ஆத்து வழியா, அதுக்கப்புறம் போன் வழியா.

கறி ஆறிப் போகும், நீங்க சாப்பிடத் தொடங்குங்கன்னு சொல்லிட்டு ஸ்கூட்டி சாவியைத் தேடப் போனேன்.